அண்ணனின் சிறுமூளையும் ஆடித் தள்ளுபடியும்

1

ஆய்வகத்தில் சேர்ந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டதற்காக எனக்குக் கேக் வாங்கியிருந்தார்கள். கேக்கின் மேல் பச்சை க்ரீமில் டிஎன்ஏ ஏணி ஒன்று. பேக்கரிக்காரர் அதை இடது பக்கமாக முறுக்கிவிட்டிருந்தார். நம் உடம்பில் அது வலது பக்கம்தான் முறுக்கும். ஜெர்மானியர்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சும்மா சாப்பிட மாட்டார்கள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு விவாதிக்க ஆரம்பித்தார்கள். "தட்டுக்கு அடியிலிருந்து பார்த்தால் சரியாகிவிடும்" என்றான் ஒரு மாணவன். அடியிலிருந்து பார்த்தாலும் இடது இடதுதான் என்று இன்னொருத்தி நாப்கினைத் திருகிக் காட்டினாள். காப்பி ஆறிப்போனது.

பிறகு என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "இத்தனை வருடத்தில் நடக்க முடியாத எலிகள் பலவற்றை நாம் நடக்க வைத்திருக்கிறோம். மனிதரில் இன்னும் ஒருவரைக்கூட இல்லை" என்றேன். எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. எங்கள் ஆண்டறிக்கையின் சுருக்கமே அதுதான்.

கேக் வெட்டிய அன்று மாலை டிராமில் வீட்டுக்குப் போகும்போது, இந்த இருபது வருடங்களைப் பற்றி ஊருக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. உட்கார்ந்து பார்த்தால், எழுத வேண்டியதாக இருப்பது கடைசி ஒன்றரை வருடம் மட்டும்தான்.

2

கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் என்னை டாக்டர் என்றுதான் சொல்வார்கள். நான் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய டாக்டர், ஊசி போடும் டாக்டர் இல்லை என்று எத்தனையோ தடவை விளக்கியாயிற்று. ஆனாலும் லீவுக்குப் போனால் வாசலில் மூட்டுவலியும் சர்க்கரையும் வந்து வரிசையில் நிற்கும். ஒரு தடவை பக்கத்து வீட்டில் கன்றுக்குட்டியையே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் கையை விரித்ததும், "ஜெர்மனியில என்னதான் சொல்லிக் குடுக்காங்களோ" என்று முனகிக்கொண்டே போனார்கள்.

என் அண்ணன் செல்வினுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'எலி டாக்டரம்மா.' அண்ணன் கொடைக்கானலில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டியவர். என்னைவிட ஐந்து வயது பெரியவர். அப்பா நிமோனியாவில் இளவயதிலேயே போய்விட்டார். அதன் பிறகு நான் படிக்கட்டும் என்று அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். இதை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டுவது எல்லாம் எலியைப் பற்றித்தான்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவருக்கு ஒருமுறை வீடியோவில் விளக்கினேன். "மரபணுவில் எழுத்துப் பிழை வந்தால் சில பேருக்கு மூளையும் நரம்பும் கெட்டுப்போகும். சரியான மரபணுவை மூளைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு வைரஸை எடுத்து, அதற்குள் இருக்கிற கெட்டதையெல்லாம் காலி பண்ணிவிட்டு, நல்லதை ஏற்றி அனுப்புவோம். ஆனால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் எதுவும் சுலபமாக நுழைய முடியாது, காவல் அதிகம்."

"இ-பாஸ் கேப்பாங்களா?"

"அப்படித்தான்."

"அப்ப ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. சீசன்ல மலைக்கு மேல வண்டிய ஏத்துறது கஷ்டமே இல்ல. ஏத்தின வண்டிக்கு பார்க்கிங் கெடைக்கணும். அதுதான் சோலி."

எங்கள் துறையில் இன்றைக்கும் அதுதான் பிரச்சினை. மூளைக்குள் போய்விட்டாலும் சரியான செல்லில் போய் நிற்க வேண்டும். அடுத்த கருத்தரங்கில் இதைச் சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டார்கள். 'மலைப்போக்குவரத்துத் துறையில் உள்ள சக ஆய்வாளர் ஒருவர்' என்றேன்.

ஜெர்மனிக்கு வந்த புதிதில் மொழி என்னைப் படுத்திய பாடு தனிக்கதை. வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில், என்ன வேலை என்று வீட்டுக்காரர் கேட்டார். 'எலிகளோடு வேலை' என்று சொல்ல நினைத்து, "என்னிடம் நிறைய எலிகள் இருக்கின்றன" என்று சொல்லிவிட்டேன். இங்கே பேச்சுவழக்கில் எலிகள் என்றால் காசு. மனிதர் எழுந்து நின்று கை குலுக்கி அன்றைக்கே சாவியைக் கொடுத்தார். விஷயம் புரிந்தபோது நான் குடியேறியிருந்தேன்.

என் மகள் லேனாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவள் ஜெர்மனில் பிறந்து ஜெர்மனிலேயே கோபப்படுகிறவள். தமிழ் அவளுக்கு அம்மாவின் சமையலறை மொழி. அதிலும் வினைச்சொற்களை அவ்வப்போது பெயர்ச்சொற்களை வைத்து ஒப்பேற்றுவாள். இப்போது ஹாம்பர்க்கில் நாடக மேடைக்கு விளக்கு அமைக்கும் படிப்பு படிக்கிறாள். "கரண்ட் வேலையா? நல்ல தொழில்தான், பொழச்சுக்கிடுவா" என்றார் அண்ணன்.

3

போன வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு லேனாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். மதுரை விமான நிலையத்தில் அண்ணனின் ஜீப் நின்றது, ஓட்டி வந்தது வேறு யாரோ. பின்சீட்டில் மெர்சி மதினி. மதினி ஒரு பள்ளிக்கூட விடுதியில் வேலை பார்க்கிறவர். வாயைத் திறந்தால் வத்தலக்குண்டு வரைக்கும் பேசுவார். அன்றைக்குப் பேசவில்லை.

"அண்ணன் வரலையா மதினி?"

"அவுகளுக்கு ஒரு சோலி" என்றார், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

மலைப்பாதையில் லேனா வழக்கம்போல வாந்தி எடுத்தாள். அட்டுவம்பட்டி போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்கி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். என்னைக் கட்டிக்கொள்ள அவர் ஒரு கையைத்தான் எடுத்தார், இன்னொரு கை கேட்டிலேயே இருந்தது.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது எப்போதும் அண்ணன்தான். மைக் வேண்டாத குரல் அவருக்கு. அந்த வருடம் வேறொருவர் எழுந்து வாசித்தார். அண்ணன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, வாசிக்கிறவருடைய உச்சரிப்புத் தவறுகளுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் மதினியைப் பிடித்தேன்.

"சபைக் கமிட்டியில சொல்லிட்டாங்க ரோசி. கொஞ்ச நாளைக்கு வாசிக்க வேணாம்னு."

"ஏன்?"

மதினி பாத்திரத்தை உருட்டினார். "குடிக்காராம். தள்ளாடிக்கிட்டே போறாராம், பேச்சும் கொளறுதாம். டாக்ஸி ஸ்டாண்டு பூரா அதே பேச்சு. வண்டிய வேற விட்டுட்டாரா, லைசன்ஸ பிடுங்கிட்டாங்கன்னு ஒரு கதை. நான் மோந்து பார்த்துட்டேன் ரோசி. ராத்திரி தூங்குறப்ப வாயில மோந்து பார்த்துட்டேன். ஒண்ணும் இல்ல. ஆனா தள்ளாட்டம் இருக்கே."

இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல என்னமோ கலந்திருக்கு" என்று கீழே வைக்கிறவர் என் அண்ணன்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன் கை கழுவிவிட்டுச் சுவரைத் தொட்டுத் தொட்டு வந்து உட்கார்ந்தார். நானும் மதினியும் இலையைப் பார்த்தோம். லேனா மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மதுரையில் துணிக்கடை போர்டுகளை எழுத்துக் கூட்டி வாசித்துப் பழகியிருந்தவள், தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்:

"மாமா, நீங்க ஏன் தள்ளுபடி?"

மதினியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது. 'தள்ளாடுகிறீர்கள்' என்று கேட்க வந்திருக்கிறாள், பாவி.

அண்ணன் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆமாத்தா. இது ஆடித் தள்ளுபடி. ஆடி ஆடி மாமன் இப்ப பாதி வெலைக்கு வந்துட்டேன்."

மதினியும் சிரித்தார், சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். லேனாவுக்கு எதுவும் புரியவில்லை. ஒரு வருடமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காததைத் தான் கேட்டுவிட்டோம் என்பதும் அவளுக்குத் தெரியாது.

4

மறுநாள் வெள்ளனே அண்ணன் பால் வாங்கக் கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். பனி இறங்கி மண்பாதை ஈரமாக இருந்தது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பரிசோதனை உண்டு. எலியின் பாதங்களில் மை தடவி வெள்ளைத் தாளில் நடக்க விடுவோம். நல்ல எலியின் சுவடு ரயில் தண்டவாளம்போல நேராகப் போகும். சிறுமூளை கெட்ட எலியின் சுவடு அகலமாக விரிந்து, ஓரிடத்தில் நெருங்கி, ஓரிடத்தில் விலகி, கிறுக்கியதுபோல இருக்கும். நடக்கும்போது நாம் விழாமல் தாளம் சேர்த்துக்கொடுப்பது தலையின் பின்பக்கம் இருக்கும் அந்தச் சிறுமூளைதான். இப்படிப்பட்ட தாள்களை எத்தனை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஓரத்தில் ஒரு எண் போட்டுக் கோப்பில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவேன்.

அட்டுவம்பட்டி ஈரமண்ணில் அண்ணனின் செருப்புத் தடங்கள் எனக்கு முன்னால் அப்படியே கிடந்தன.

"அண்ணே, கொஞ்சம் உக்காருங்க."

பாதையோரச் சுவரில் உட்கார்ந்தோம். என் விரலைத் தொட்டுவிட்டு உங்கள் மூக்கைத் தொடுங்கள் என்றேன். அவருடைய விரல் மூக்கைத் தேடி அலைந்து கன்னத்தில் போய் நின்றது.

"என்ன டாக்டரம்மா, எலிக்கும் இதே பரீட்சைதானா?"

"எலிக்கு மூக்கு நீளம். சுலபமாத் தொட்டுரும்."

சிரித்தார். பிறகு தானாகவே சொன்னார். பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில், பிரேக்கை மிதிக்க நினைத்த கால் பக்கத்தில் போய் மிதித்ததாம். வண்டியில் திருச்சிக்காரக் குடும்பம் ஒன்று, மடியில் கைக்குழந்தை. எப்படியோ நிறுத்திவிட்டார். அன்று சாயங்காலமே சாவியைக் கொண்டுபோய்க் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டார். லைசன்ஸை யாரும் பிடுங்கவில்லை.

"இதை மதினிட்ட சொன்னீங்களா?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? கால் எம்பேச்சக் கேக்க மாட்டேங்குதுன்னா? ஏ ரோசி, எனக்கே சில நேரம் சந்தேகம் வந்துருச்சு. எவனும் டீயில எதையும் கலந்து குடுக்கானோன்னு."

மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அமைதியான மனிதர். ஸ்கேன் எடுத்தார், ரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். நான் ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகு முடிவு வந்தது. நான் நினைத்ததுதான். பரம்பரையாக வருகிற சிறுமூளைத் தேய்வு. மெதுவாகத்தான் முற்றும், ஆனால் நிற்காது. அம்மா கடைசிவரை தள்ளாடியதில்லை, அப்பாவுக்குத்தான் இருந்திருக்க வேண்டும். அது வெளியே தெரிகிற வயது வரைக்கும் அவர் இருக்கவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் மருந்து தேடுவது குழந்தைகளுக்கு வரும் வேறொரு நோய்க்கு. அண்ணனின் நோய்க்கு வேறு சிலர் எலிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மருந்து என்று கையில் கொடுக்க இன்றைக்கு ஒன்றும் இல்லை. இதையெல்லாம் வீடியோவில் அவருக்கு என் வாயாலேயே சொன்னேன். எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

அண்ணன் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப இது குடி இல்லைன்னு நிரூபணம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சுண்ணே."

"ஏ மெர்சி!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "இங்க வா! எனக்கு வியாதியாம்!"

அப்படியொரு சந்தோஷத்தோடு ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பாஸ்டர் அறிவிப்புகளின் நடுவில், ஐக்கிய விருந்துக்கும் ஓய்வுநாள் பள்ளிக்கும் இடையே, "சகோதரர் செல்வினுக்குச் சிறுமூளையில் பரம்பரை நோய் என்று டாக்டர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். சபையார் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நம்மில் சிலர் வேறு மாதிரி நினைத்திருந்தால் அதையும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்" என்றாராம். அன்று மத்தியானத்திலிருந்து வீட்டில் கூட்டம். வடகவுஞ்சியிலிருந்து ஒரு கமிட்டி உறுப்பினர் மலைப்பூண்டு மூட்டையோடு வந்து, அது சிறுமூளைக்கு நல்லது என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

"குடிகாரன்னு சொன்னப்ப ஒருத்தன் எட்டிப் பாக்கல. வியாதின்ன ஒடனே வீடு நெறஞ்சு கெடக்கு" என்றார் அண்ணன். "பூண்டு வாடையில இப்பத்தான் நெசமாவே தள்ளாடுது."

அடுத்த மாதம் வேதபாடம் மறுபடி அவருக்கே வந்தது. சில சொற்கள் குழறின. யாரும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை என்றார் மதினி.

5

இனி என் விஷயம். இந்த நோய் அப்பாவிடமிருந்து அண்ணனுக்கு வந்த மாதிரியே எனக்கும் வந்திருக்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு வந்திருந்தால் லேனாவுக்கும் அதே பாதிக்குப் பாதி. அண்ணன் மகன் ஜோயல் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். அவனிடம் பேசினேன். "இப்ப வேணாம் அத்தை. தெரிஞ்சுக்கணும்னு தோணுறப்ப நானே உங்ககிட்ட வர்றேன்" என்றான். சரி என்றேன். அவன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கோ தெரிந்தாக வேண்டும் என்றிருந்தது. என் மேசையிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் எல்லா இயந்திரங்களும் இருக்கின்றன. ஒரு சொட்டு ரத்தம், ஒரு மத்தியானம், வேலை முடிந்துவிடும். ஆனால் ஜெர்மனியில் அது கூடாது. வரப்போகும் நோயைச் சோதிப்பதென்றால் அதற்கென்று இருக்கும் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். முதலில் ஆலோசனை, பிறகு யோசிக்க அவகாசம், அதன்பிறகுதான் ரத்தம். அதற்கு முதலில் வேண்டியது 'டெர்மின்', அதாவது முன்பதிவு நேரம். இந்த நாட்டில் டெர்மின் இல்லாமல் செய்யக்கூடியது மூச்சுவிடுவது மட்டும்தான். தொலைபேசியில் ஒரு பெண் சொன்னாள், எட்டு வாரம் கழித்து வாருங்கள் என்று. நான் இதே துறையில்தான் வேலை செய்கிறேன் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அப்படியா, நல்லது. அப்போது நாங்கள் ஏன் காக்க வைக்கிறோம் என்று உங்களுக்குப் புரியும்" என்றாள்.

லேனாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஜெர்மனில் சொன்னாள்: "அம்மா, அது உன் ரத்தம் மட்டும் இல்லை. உனக்குத் தெரிந்தால், உன் முகத்தைப் பார்த்தே எனக்கும் தெரிந்துவிடும்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் சோதனையை வேண்டாமென்று விட்டுவிடுகிறேன் என்றேன். உண்மையாகவே அப்போது விட்டுவிடத் தயாராக இருந்தேன். ஒரு வாரம் அவளிடமிருந்து சத்தமே இல்லை. ஹாம்பர்க்குக்குப் போனதிலிருந்து ஞாயிறு மட்டும் கூப்பிடுகிறவள், அந்த ஞாயிறும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த புதன்கிழமை கதவைத் தட்டினாள். தோளில் பை, கையில் ரயிலில் வாங்கிய பாதி ரொட்டி.

"போகலாம். ஆனால் நானும் வருவேன். நீ டாக்டர் மாதிரிப் பேசக்கூடாது, வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும்."

ஆலோசனை சொன்ன மருத்துவருக்கு முப்பது வயது இருக்கலாம். வெள்ளைத் தாளை எடுத்து, வண்ணப் பேனாவால் இரண்டு மணிச்சரம் போட்டு, "இவைதான் மரபணுக்கள். நம் ஒவ்வொரு செல்லிலும் இருக்கின்றன" என்று எனக்கு விளக்க ஆரம்பித்தார். மேசைக்கடியில் லேனா என் காலை மிதித்தாள். நான் முதல் வகுப்புப் பிள்ளைபோலத் தலையாட்டினேன். நீல மணி அப்பாவுடையது, சிவப்பு மணி அம்மாவுடையது. அவர் வரைய வரைய ஒன்று புரிந்தது. இதே படத்தை நான் ஆயிரம் பேருக்கு வரைந்து காட்டியிருக்கிறேன். அந்த நீல மணி என் அப்பா என்று எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

"ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார் கடைசியில்.

கேட்பதற்கு எனக்கு நிறையத் தொழில்நுட்பக் கேள்விகள் இருந்தன. வாயைத் திறந்தேன். வெளியே வந்தது இதுதான்: "மருந்து எப்போது வரும்?"

"ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. நம்பிக்கை தரும் முடிவுகள் வருகின்றன. ஆனால் இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம்" என்றார் அவர்.

அது என் வாக்கியம். நோயாளிகளின் குடும்பங்கள் எங்கள் ஆய்வகத்தைப் பார்க்க வரும் நாட்களில், காப்பி மேசைக்குப் பக்கத்தில் நின்று நான் சொல்லும் வாக்கியம், சொல் மாறாமல். நேர்மையான வாக்கியம்தான், பொய் ஒன்றுமில்லை. கேட்கும் பக்கத்தில் உட்கார்ந்தால் அதற்கு எவ்வளவு குளிர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொடைக்கானல்காரி சொல்கிறேன், குளிர் எனக்குப் புதிதில்லை.

6

ஜூலையில் முடிவு வந்தது. எனக்கு அந்தப் பிழை இல்லை. மருத்துவர் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார், அவருக்கு நன்றி. லேனா என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். தமிழில் அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும், "அம்மா அம்மா" என்பதைத் தவிர வேறு சொல் அவள் வாயில் வரவில்லை.

அண்ணனிடம் சொல்வது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. ஒரே தகப்பன், ஒரே வீடு. சாவியை எடுத்தவருக்கு நோய், புத்தகத்தை எடுத்தவளுக்கு இல்லை. நல்ல செய்தியைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நான்காம் நாள் அவரே கூப்பிட்டுவிட்டார்.

"என்ன, ரிசல்ட்டு வந்துருச்சுல்ல? லேனா மெர்சிக்கு ஸ்மைலி அனுப்பியிருக்கா. ஒளிச்சு வெக்கிறியாக்கும்?"

"இல்லண்ணே... எனக்கு இல்லையாம்."

படத்தில் அண்ணன் மேலே பார்த்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார்.

"நல்லதுத்தா. ரொம்ப நல்லது. வருசக்கணக்கா சபையில சாட்சி சொல்றவன் இன்னைக்குத்தான் நெசமாவே ஸ்தோத்திரம் சொன்னேன்." மூக்கை உறிஞ்சினார். "ஆனா ஒண்ணு ரோசி. இனிமே ஊர்ல நீ தள்ளாடினா, கமிட்டிட்டச் சொல்ல ஒங்கிட்ட ஒரு காரணமும் இல்ல பாத்துக்க."

நானும் அவரும் சிரித்தோம். சிரிப்பு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இரண்டு பேருக்கும் வேறு மாதிரி ஆனது. மதினி வந்து போனைப் பிடுங்கி, "ரெண்டு பேரும் என்ன பண்றீங்க, வெரசா வெச்சுட்டுச் சாப்பிடுங்க" என்று அதட்டினார். எனக்கு இங்கே காலை பத்து மணி.

7

இந்த ஜனவரியில் மறுபடி ஊருக்குப் போனேன். மதுரை மருத்துவர் முன்பே கேட்டிருந்தார்: இந்த நோய் உள்ளவர்களை வருடம் ஒருமுறை வரச்சொல்லி, நடை, பேச்சு, கை எல்லாவற்றையும் அளந்து வைக்கிறார்கள். என்றைக்காவது மருந்து வந்தால், அது வேலை செய்கிறதா என்று தெரிவதற்கு, மருந்து இல்லாமல் நோய் எந்த வேகத்தில் போகும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். செல்வின் வருவாரா?

இதனால் அண்ணனுக்கு எந்த லாபமும் இல்லை என்று நான் ஒளிக்காமல் சொன்னேன். மலையிறங்கிப் போய்வருவதே அவருக்கு இப்போது பெரிய பாடு.

"சும்மா ஆடிக்கிட்டு இருக்குறத அளந்துக்கிடப் போறாங்க. அம்புட்டுத்தானே? வர்றேன்" என்றார்.

காலை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். வத்தலக்குண்டு வரும்வரை ஓட்டுநர் போட்ட ஒவ்வொரு கியருக்கும் அண்ணன் அபிப்பிராயம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் நீளமான வராந்தா. தரையில் ஒட்டுநாடாவால் ஒரு கோடு. பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்னப்பெண், தென்மாவட்டத்துப் பிள்ளைதான், பேச்சிலேயே தெரிந்தது.

"ஐயா, இந்தக் கோட்டு மேல நடந்து போய்த் திரும்பி வாங்க. விழுந்துருவோம்னு பயப்படாதீங்க, நான் பக்கத்துலயே வர்றேன்."

அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வேட்டியை மடித்துக்கட்டினார். இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நடந்தார். இடது, வலது, நடுவில் ஒரு நிறுத்தம், மறுபடி இடது. கோட்டின் முடிவில் திரும்பும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தப் பெண் கை நீட்டினாள். "தொடாதத்தா, வளைவுல நான் பாத்துக்கிடுவேன்" என்றார். சாய்ந்த உடம்பை எங்கிருந்தோ பிடித்து நிமிர்த்திக்கொண்டு திரும்பினார். வராந்தாவில் காத்திருந்த மற்ற நோயாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் வாழ்நாளெல்லாம் எலிகள் நடப்பதைக் கையில் கடிகாரத்தோடு பார்த்தவள். அன்றைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

வியர்த்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எவ்வளவு மார்க்கு போட்ட?"

"மார்க் இல்லைங்கய்யா. இதுதான் மொதத் தடவை. அடுத்த வருசம் வந்து நடப்பீங்கல்ல, அப்ப இதோட வெச்சு ஒத்துப் பாப்போம்."

அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அடுத்த வருசம் நான் இதைவிட நல்லா நடக்கணுமா, மோசமா நடக்கணுமா? எது உங்களுக்குத் தோது?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். எங்கள் துறையே இத்தனை வருடமாகத் தேடுவது என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், நான் படங்களோடு ஒரு மணி நேரம் பேசுவேன்.

"இதே மாதிரி நடந்தா போதும்ணே" என்றேன்.

"இதே மாதிரியா?" என்றார். வராந்தாக் கோட்டை ஒருமுறை பார்த்தார். "அதுக்கு முயற்சி பண்ணலாம்."

செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்தார். வெளியே படிகளில் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பேருந்து நிலையத்தில் கொடைக்கானல் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. அவர் கம்பியைப் பிடித்து முதலில் ஏறினார். விழுந்தால் தாங்குவதற்காக நான் கைகளை விரித்துக்கொண்டு பின்னால் நின்றேன். அவர் விழவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னலோரம் இடம் பிடித்து, எனக்கும் துண்டைப் போட்டு வைத்துவிட்டு, "ஏறு டாக்டரம்மா, என்ன வேடிக்கை?" என்றார்.